கட்டில் கிறிஸ்தவள்

அர்சினோயே
ஹாத்தூர் மாதம் 8

என் தங்கை ஹெராயிசுக்கு, அக்கா தெர்மூத்திஸ் ஆண்டவருக்குள் எழுதுவது.

எல்லாவற்றுக்கும் முன்னால், நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் உடல் நலத்தோடு இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம். உன் அத்தான் பெக்கூசிஸ் வழக்கம்போல் சந்தையில் வெங்காயத்துக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார்.

அலெக்சாந்திரியாவில் கொள்ளைக் காய்ச்சல் உன்னைப் படுக்கையில் தள்ளிவிட்டது என்று படகுக்காரன் வந்து சொன்னான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தறியை அப்படியே போட்டுவிட்டு ஜெபத்தில் உட்கார்ந்தேன். அந்த மகராசன் ஆற அமரத் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னான். நீ பிழைத்துவிட்டாயாம். சாகக் கிடந்தவள் என்று மூப்பர் வீட்டுக்கே வந்து உனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாராம்.

நீ பிழைத்தது பெரிய சந்தோஷம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்ததையும் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். ஏண்டி, இயேசு என்ற பெயரை உனக்குச் சொன்னது யார்? கல்யாணத்துக்கு முன்னால் உன்னைச் சபைக்கு அழைத்துப் போனது யார்? நான் ஞானஸ்நானத்துக்காக மூன்று வருஷமாகக் கேட்போர் கூட்டத்தில் நிற்கிறேன். ஞாயிறுதோறும் வேதவாசகம் முடிந்ததும் "கேட்போரெல்லாம் வெளியே போகலாம்" என்று திருத்தொண்டர் குரல் கொடுக்கிறார். நாங்கள் ஆட்டு மந்தை மாதிரி முற்றத்துக்கு வருகிறோம். கதவைச் சாத்துகிறார்கள். நீ ஒரு வருஷம்கூட நின்று கேட்காதவள், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாய். முன்னால் வந்த காதைப் பின்னால் வந்த கொம்பு மறைத்ததாம். என் பிழைப்பு அப்படி ஆகிவிட்டது.

போகட்டும். நீ என் தங்கை. அந்த அப்பத்தையும் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்கள்? எனக்கு மட்டும் எழுது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

குழந்தைக்கு முத்தம். நலமாயிரு.

*

அலெக்சாந்திரியா
கொயாக் மாதம் 2

அன்புள்ள அக்கா தெர்மூத்திசுக்கு, ஹெராயிஸ் வணங்கி எழுதுவது.

நீயும் அத்தானும் சுகமாயிருக்கத் தினமும் மன்றாடுகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? எனக்குத் தலைமுடி பாதி கொட்டிவிட்டது. பத்து அடி நடந்தால் உட்கார வேண்டியிருக்கிறது. மற்றபடி குணம்.

கோபித்துக்கொள்ளாதே அக்கா. நீ கேட்டதை எழுத முடியாது. இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர்களிடம், பெற்ற தாயாக இருந்தாலும், உள்ளே நடப்பதைச் சொல்லக் கூடாது என்று எங்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்கள். எனக்கு உன்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. எழுத உட்கார்ந்து, எழுதுகோலை வைத்துவிட்டு எழுந்து போய், திரும்ப வந்து உட்கார்ந்தேன். இதற்கு மேல் முடியாது.

நீ நினைப்பதுபோல் என்னை யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றுப் பிழைத்தவர்களுக்கு இங்கே "கட்டில் கிறிஸ்தவர்கள்" என்று பெயர். நேற்று தண்ணீர்த் தொட்டியடியில் பக்கத்து வீட்டுக்காரி நாலு பேர் முன்னால் சொல்கிறாள்: "நாங்கல்லாம் தண்ணியில எறங்கி வந்தவங்கம்மா. ஹெராயிசு படுத்துக்கிட்டே பரலோகம் போனவ!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

வருகிற பாஸ்காத் திருநாளில் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள்தானே? நீ உன் காலால் நடந்து போய்த் தண்ணீரில் இறங்குவாய். அந்த நாளை உடனே எழுது.

அத்தானுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

*

அர்சினோயே
தூபி மாதம் 5

தங்கை ஹெராயிசுக்கு, தெர்மூத்திஸ் எழுதுவது.

நீங்கள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். என் முதுகைப் பற்றி விசாரித்ததற்கு நன்றி. அது முதுகுள்ள இடத்தில்தான் இருக்கிறது.

வாக்குக் கொடுத்திருக்கிறாயாம். நல்லது. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் பூனை குட்டி போட்டால்கூட என்னிடம் ஓடி வந்து சொன்ன வாய். கடற்கரைக்குப் போனதும் அதற்குப் பூட்டு வந்துவிட்டது.

நீ சொல்லாவிட்டால் எனக்கு வழியில்லையா என்று போன ஞாயிறு எல்லோரும் முற்றத்தில் நிழல் தேடிப் போன நேரம் பார்த்துக் கதவில் காதை வைத்தேன். உள்ளே எல்லோரும் சேர்ந்து ஏதோ சொல்கிறார்கள். பிறகு அமைதி. அத்தனை பேர் இருக்கிற இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. அதற்குள் வாசல்காவல் கொல்லூத்தோஸ் பின்னால் வந்து நின்றுவிட்டான்.

"என்னம்மா, கதவுக்குக் காது குத்துறீங்களா?"

"மூச்சு வாங்குது, சாஞ்சுக்கிட்டேன்."

"மூச்சு காது வழியாவா வாங்குது?"

முற்றம் முழுக்கச் சிரிப்பு. நேற்று வந்து சேர்ந்த மீன்காரிகூடச் சிரித்தாள். நீ அந்த நேரத்தில் உன் ஊரில் உள்ளே உட்கார்ந்திருந்திருப்பாய். அதை நினைத்தேன். வயிறு எரிந்தது ஹெராயிஸ், பொய் சொல்வானேன். உனக்குப் பார், காய்ச்சல்கூடக் காரியத்தோடு வருகிறது. எனக்கு ஒரு தும்மல் வந்தால் தும்மலோடு சரி.

ஆனால் என் முறையும் வந்துவிட்டது. அடுத்த மாதம் எங்களை விசாரிக்கிறார்கள். நோயாளிகளைப் பார்த்தாளா, விதவைகளை மதித்தாளா, எல்லோரோடும் சமாதானமாக இருக்கிறாளா என்று சாட்சியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். எனக்குச் சாட்சி விதவை அப்பியா. அவள் காலில் புண் வந்தபோது கழுவிக் கட்டியது நான். அவள் வாயிலிருந்து என்னைப் பற்றி நல்ல வார்த்தை தவிர வேறு வராது.

ஆகவே பாஸ்காவுக்குப் பிறகு உன் ரகசியத்தை நீயே வைத்துக்கொள். எனக்குத் தேவைப்படாது.

வீட்டில் கேட்டதாகச் சொல்.

*

அலெக்சாந்திரியா
மெக்கீர் மாதம் 1

அன்புள்ள அக்காவுக்கு.

நீயும் அத்தானும் சுகம்தானே? இங்கே குழந்தைக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். நான் இப்போது மாடிப்படி ஏறுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன், கொல்லூத்தோஸ் சொன்னதைப் படித்துச் சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது. அக்கா, ஒரு முடிவு செய்துவிட்டேன். பாஸ்காவுக்கு அங்கே வருகிறேன். நீ தண்ணீரில் இறங்கும்போது கரையில் நின்று, நீ ஏறி வரும்போது துண்டு எடுத்துத் தருவேன். பெண்கள் பக்கத்தில் உதவிக்கு ஆள் வேண்டும் அல்லவா? எங்கள் மூப்பரிடம் அறிமுகக் கடிதமும் கேட்டாகிவிட்டது.

வீட்டுக்காரர் குதித்தார். "இப்பதான் எழுந்து நடக்கிறே, அதுக்குள்ள ஆத்துல எதிர்த்தண்ணியில படகா? செத்துப் பொழைச்சது போதாதா?" என்றார். "செத்துப் பொழைச்சதாலதான் போறேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கும் இப்போது புரியாது. எனக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும் அக்கா. ஏன் என்று வந்து சொல்கிறேன்.

படகுக்காரனிடம் ஒரு ஜாடி மீன்சாறு அனுப்பியிருக்கிறேன். உனக்குப் பிடித்த கெளுத்தி மீனில் செய்தது.

அத்தானுக்கு வணக்கம். நலமாயிரு, எனக்காக.

*

அர்சினோயே
மெக்கீர் மாதம் 24

ஹெராயிசுக்கு.

நலமாயிருக்க வேண்டுகிறேன்.

வராதே. கால்வாயில் தண்ணீர் வற்றிப் படகு தரை தட்டுகிறது. வீட்டிலும் சுவர் பூசிக்கொண்டிருக்கிறோம், படுக்க இடமில்லை. அதுபோக மூப்பர் நீலோசுக்குக் கண்ணில் கோளாறு. இந்த வருஷம் பலருக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். எனக்கும் அடுத்த வருஷம்தான். நான்தான் அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மீன்சாறு ஜாடி உடைந்து வந்தது.

*

அர்சினோயே
பாமெனோத் மாதம் 12

என் கொழுந்தியாள் ஹெராயிசுக்கு, பெக்கூசிஸ் சொல்லச் சொல்லக் கடைத்தெரு எழுத்தர் எழுதுவது.

நீ நலமாயிருக்க எங்கள் முதலைச் சாமி முன்னால் தினமும் கும்பிடுகிறேன். உங்கள் கடவுளையும் ஒரு வார்த்தை கேட்டு வைத்திருக்கிறேன். யார் செய்தாலும் சரி.

அம்மா, உன் அக்காவுக்குக் காய்ச்சல். முந்தாநாள் காலையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தொட்டால் அனலாகக் கொதிக்கிறது. "மூப்பரைக் கூப்பிடு, மூப்பரைக் கூப்பிடு" என்று அதே பேச்சு. உங்கள் ஊரை அடித்த காய்ச்சல் இங்கேயும் வந்துவிட்டதோ என்று எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

உன்னிடம் மறைத்திருப்பாள், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அவளை விசாரித்தார்கள். நோயாளிகளைப் பார்த்தாளா என்றதும் அப்பியா தன் காலையே தூக்கிக் காட்டினாளாம். எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் நீலோஸ் கேட்டிருக்கிறார், "யார்கூடயாவது மனஸ்தாபம் வச்சிருக்காளா?" என்று. அந்த அம்மாள் கையைப் பிசைந்திருக்கிறாள். "எனக்குப் பொய் வராதுங்க ஐயா. தங்கத்துக்குத் தங்கமான பொண்ணு. ஆனா தங்கச்சி பேரை எடுத்தா மொகம் சுண்டிப்போவுது." அவ்வளவுதான். "மனசைச் சரி பண்ணிக்கிட்டு அடுத்த வருஷம் வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். என் மேல் செம்பு பறந்தது. உன் மீன்சாறு ஜாடியும் அன்றுதான் பறந்தது.

இப்போது சாகக் கிடப்பவளுக்குக் கொடுக்காமல் இருக்கக் கூடாதாமே. நீலோஸ் ஓடி வந்தார். கூட இரண்டு விதவைகள், ஒரு குடம் தண்ணீர். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்கள். என் வீட்டிலிருந்து என்னையே வெளியே அனுப்பினார்கள்! ஜன்னலடியில் நின்றேன். கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவள் தெளிவாகப் பதில் சொன்னாள். காய்ச்சலில் இருப்பவள் குரல் மாதிரியே இல்லை.

முடிந்தால் கிளம்பி வா. முடியாவிட்டால் கும்பிடு.

*

அர்சினோயே
பாமெனோத் மாதம் 26

அன்புத் தங்கை ஹெராயிசுக்கு, ஆண்டவருக்குள் உன் சகோதரியாகவும் ஆகிவிட்ட தெர்மூத்திஸ் எழுதுவது.

நீயும் வீட்டாரும் எல்லா நலமும் பெற்றிருக்க, இப்போது முழு உரிமையோடு மன்றாடுகிறேன். நீ கிளம்பியிருந்தால் பாதி வழியில் திரும்பிவிடு. நான் பிழைத்துவிட்டேன்.

அத்தான் எழுதியிருப்பார். எப்படிப்பட்ட காய்ச்சல் தெரியுமா! கண்ணைத் திறந்தால் கூரை சுற்றுகிறது. நாக்கு தோல் மாதிரி உலர்ந்துவிட்டது. அப்பியா என் நெற்றியில் கை வைத்து, சுட்ட கையை உதறினாள். உன்னுடையது இந்த அளவுக்கு இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. அற்புதம் என்று சொல்கிறார்கள். நீலோஸ் சபையில் என் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். அந்த மீன்காரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிறன்று "கேட்போரெல்லாம் வெளியே போகலாம்" என்றார்கள். நான் அசையவில்லை. கொல்லூத்தோஸ் எனக்குத் தலை குனிந்தான். எனக்குப் பின்னால் கதவு சாத்திய சத்தம் இருக்கிறதே, மூன்று வருஷம் வெளியிலிருந்து கேட்ட சத்தம், உள்ளேயிருந்து கேட்கும்போது வேறாக இருந்தது. ஆக இதைத்தான் நீ என்னிடம் மறைத்தாய்! இவ்வளவு எளிமையாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அப்பம், கிண்ணம், ஒருவருக்கொருவர் முத்தம். வாரநாட்களுக்கு வீட்டுக்கு எடுத்துப்போக அப்பத்துண்டை ஒரு மரச் சிமிழில் தந்தார்கள். தினமும் காலையில் முதல் உணவாக எடுத்துக்கொள்ள வேண்டும். நான் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை, வயிறு கொஞ்சம் சரியில்லை. அந்த ஞாயிறும் அப்படித்தான், கையில் வாங்கிச் சிமிழில் போட்டுக்கொண்டேன்.

இனி நமக்குள் சுவர் இல்லை. நீயும் நானும் சமம். இப்போது சொல், மறைத்ததையெல்லாம்.

*

அர்சினோயே
பார்மூத்தி மாதம் 3

கொழுந்தியாளுக்கு, பெக்கூசிஸ்.

நீயும் பிள்ளையும் சுகமாயிருக்க, வழக்கம்போல் இரண்டு பக்கமும் கும்பிட்டாயிற்று. இந்தக் கடிதத்தை எழுதுகிற எழுத்தருக்கு ஒரு கூடை பூண்டு கொடுத்து வாயைக் கட்டியிருக்கிறேன். நீயும் வாயைக் கட்டு.

நேற்று வெயிலில் போடக் கட்டில் மெத்தையைத் தூக்கினேன். அடியில் நசுங்கிய வெங்காயம் ஒன்று. நான் விதைக்கென்று தனியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த வெங்காயம் அம்மா! என் சரக்கு எனக்குத் தெரியாதா?

"இது என்னடி?" என்றேன்.

"கொசுவுக்கு" என்றாள்.

"கொசு வெங்காயம் திங்குதா?"

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கக்கத்தில் வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு போர்த்திப் படுத்தால் உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். என்னிடம் கூலிக்கு வருகிற பயல்கள் அறுப்புக்குப் பயந்து செய்கிற வித்தைதானே இது? நானே எத்தனை பேரைப் பிடித்து உதைத்திருக்கிறேன்! என் வீட்டுக்குள் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்தச் சிமிழை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், திறப்பதில்லை. "திற, இல்லாட்டி திருப்பிக் குடு" என்றேன். "ரெண்டும் முடியாது" என்கிறாள். எங்கள் முதலைச் சாமியிடம் தப்புச் செய்தால் ஒரு வாத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் செய்துவிடலாம். உங்கள் ஆளுக்கு என்ன கொடுப்பது?

நான் சொன்னதாக அவளிடம் சொல்லாதே. இன்னும் வீட்டில் இரண்டு ஜாடி உடையாமல் இருக்கிறது.

*

அலெக்சாந்திரியா
பார்மூத்தி மாதம் 11

அக்கா,

மறைத்ததையெல்லாம் சொல் என்றாய். சொல்கிறேன். இப்போது சொல்லலாம்.

எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை.

அப்பம், கிண்ணம், முத்தம், அதெல்லாம் பிறகு பார்த்தது. என் ஞானஸ்நானத்தைச் சொல்கிறேன். நான் பிரக்ஞை இல்லாமல் கிடந்தேன். மூப்பர் வந்தது தெரியாது. தண்ணீர் ஊற்றியது தெரியாது. நான் தலையசைத்தேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். கடவுளுக்கு அசைத்தேனா, வலியில் அசைத்தேனா, யார் கண்டது? கண் விழித்தபோது "நீ இப்ப கிறிஸ்தவள்" என்றார்கள். யாரோ தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வேறு வீட்டில் போட்ட மாதிரி இருந்தது.

இங்கே பெண்கள் ஒன்றாக உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான். ஒருத்திக்குத் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நடுக்கம் வந்ததாம். ஒருத்தி மேற்குப் பக்கம் திரும்பிச் சாத்தானைத் தள்ளிவிடும்போது சிரித்துவிட்டாளாம். ஒருத்தி ஏறி வந்து பாலும் தேனும் குடித்ததைச் சொல்லும்போது இப்போதும் உதட்டைத் துடைத்துக்கொள்கிறாள். என் முறை வரும்போது நான் குழந்தைக்குப் பசிக்கிறது என்று எழுந்துவிடுவேன். உனக்குத் தெரியுமா, இன்னொரு தரம் கேட்டேன். விழித்துக்கொண்டு இருக்கும்போது ஒரு தரம் கொடுங்கள் என்று மூப்பர் காலில் விழுந்தேன். "ஒருத்தி ரெண்டு தரம் பொறக்கலாம்மா, மூணு தரம் பொறக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் வர நினைத்தேன். நீ நின்று, கேட்டு, காத்திருந்து, உன் காலால் இறங்குவாய். நான் கரையில் நின்று பார்த்து, அதை என்னுடையதாக வைத்துக்கொள்வேன். "நான் வெளியே நிற்கிறேன்" என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாய். இவளுக்கு ஞானஸ்நானம் இன்னும் முன்னால் இருக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு தரமும் பொறாமையாக இருந்தது. எனக்கு உன் மேல் இருந்த பொறாமை உனக்குத் தெரிந்திருக்காது.

சரி, நீயும் கட்டில் கிறிஸ்தவள் ஆகிவிட்டாய். ஆனால் நீ விழித்திருந்தாய். கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாய் என்று அத்தான் எழுதினார். அக்கா, எனக்குச் சொல். தண்ணீர் விழுந்தபோது எப்படி இருந்தது? "சாத்தானை விட்டுவிடுகிறேன்" என்று வாய் திறந்து சொல்லும்போது உன் மனதில் என்ன இருந்தது? ஒன்றையும் விடாமல் எழுது. நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

உன் ஹெராயிஸ்

*

அர்சினோயே
பார்மூத்தி மாதம் 28

ஹெராயிசுக்கு, தெர்மூத்திஸ்.

நீயும் உன் வீட்டுக்காரரும் பல் முளைத்த சின்னவனும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உரிமை இருக்கிறதோ இல்லையோ, வேண்டுகிறேன்.

நீ எப்போதும் முதல் வரியில் என் உடம்பை விசாரிப்பவள். முதுகுவலியைக்கூட விடமாட்டாய். சாவின் வாசல்வரை போய் வந்தவளுக்கு எழுதுகிறாய், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்திலும் இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது. அந்த மனுஷனுக்கு வாயில் எதுவும் தங்காது. ஜாடி எதையும் உடைக்கவில்லை, பயப்படாதே.

கேட்டாய், சொல்கிறேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. காதுக்குள் போய்த் தலையணை நனைந்தது. நீலோஸ் அழுதுகொண்டே ஊற்றினார். "சாத்தானையும் அவன் வேலைகளையும் விட்டுடுறியாம்மா?" என்றார். "விட்டுடுறேன்" என்றேன். கக்கத்தில் வெங்காயம் இருந்தது. கையை இறுக்கிக்கொண்டுதான் சொன்னேன், விழுந்துவிடக் கூடாதே என்று. என் மனதில் என்ன இருந்தது என்றா கேட்கிறாய்? கடவுள் இல்லை. நீ இருந்தாய். "இப்ப என்னடி சொல்றே ஹெராயிசு" என்று நினைத்தேன். அதுதான் என் ஞானஸ்நானம். இதை நீ எடுத்துக்கொள்ளாதே. உன்னுடையதே மேல்.

உன் கடிதம் பாஸ்காவுக்கு முந்தின நாள் வந்தது. நீ என்மேல் பொறாமைப்பட்டாயா? என்மேலா? நாம் பிறந்ததிலிருந்து நீ என்னைப் பார்த்து ஏங்கியது இது ஒன்றுக்குத்தான். அது என் கையில் இருந்ததே எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் வேண்டுமானாலும் முற்றத்தில் நின்றிருப்பேன், மகாராணி மாதிரி. இதையும் எழுதிவிடுகிறேன், உன்னிடம் நல்லவளாக நடித்துக் களைத்துவிட்டேன்.

பாஸ்கா ஞாயிறு சபைக்குப் போனேன். விடியற்காலையில் தண்ணீரில் இறங்கி வந்தவர்கள் ஈரத் தலையோடு நின்றார்கள். அந்த மீன்காரியின் சகோதரியும் ஒருத்தி. திருத்தொண்டர் "கேட்போரெல்லாம் வெளியே போகலாம்" என்றார். நான் எழுந்து போனேன்.

கொல்லூத்தோஸ் வழியில் கையை நீட்டினான். "அம்மா, நீங்க உள்ள இருக்கலாமே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல" என்றேன்.

முற்றத்தில் நின்றேன். எல்லாம் முடிந்து நீலோஸ் வெளியே வந்தார். சிமிழை அவர் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் திரும்பக் குடுங்க ஐயா, இந்தத் தடவை நெசமா" என்றேன்.

"ஊத்தின தண்ணிய அள்ள முடியாதும்மா. நீ பொய் சொன்னே. அவர் பொய் சொல்லலியே. குடுத்தது குடுத்ததுதான்."

"அப்ப நான் உள்ளயா, வெளியவா?"

"நீயே எழுந்து வெளிய வந்துட்டே. யாருக்குத் துரோகம் பண்ணினே, சொல்லு."

"கடவுளுக்கு."

"அத அவர் பாத்துக்குவார். மனுஷங்கள்ல?"

அவர் காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் உன் பெயரைச் சொன்னேன். முகம் சுண்டாமல் சொல்ல முயன்றேன், முடிந்ததா என்று தெரியவில்லை.

அவர் தீர்ப்பு இதுதான். நீ வரும்வரை நான் கேட்போரோடு நிற்க வேண்டும். நீ வர வேண்டும். முத்தம் கொடுக்கிற நேரத்தில் சபை நடுவில் நீ எனக்குச் சமாதான முத்தம் கொடுத்தால், அதற்குப் பிறகு நான் பந்திக்குப் போகலாம். நீ வராவிட்டால் இல்லை. என்னை வெளியே நிறுத்தவும் உள்ளே விடவும் உனக்குத்தான் அதிகாரம். பார்த்தாயா, இதிலும் நீதான்!

பாஸ்காவையும் சேர்த்து இரண்டு ஞாயிறாக முற்றத்தில் நிற்கிறேன். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நின்றே செத்தாலும் சரி, உன்னிடம் கேட்கக் கூடாது என்று இருந்தேன். இன்று காலை முடியவில்லை. உள்ளே அந்த அமைதி வந்தது. இப்போது அது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வெளியே நிற்பது பெரிய கொடுமை ஹெராயிஸ்.

வாடி தங்கச்சி. கால்வாயில் தண்ணீர் இருக்கிறது, முன்பு எழுதியது பொய். சுவரும் பூசவில்லை. வந்து எனக்கு அந்த முத்தத்தைக் கொடு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே வந்து அழுதுவிடாதே. நீ அழுதால் எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.